“சும்மா மெஷின் ஓட்டிட்டு இருந்தேனுங்க மேடம்”

கோவை கணபதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். காலை பத்து மணிக்குத் தட்டுகளை எடுத்து, துடைத்துவிட்டு லேப்டாப்பை வைப்பேன். ஆறு ஆண்டுகளாக அங்கே உட்கார்ந்து மற்றவர்களுக்கு ரெஸ்யூம் எழுதிக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு பதினொரு ஆண்டுகள் ஒரு பம்பு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில், வந்து குவியும் ரெஸ்யூம்களைப் படித்துப் பிரிப்பது என் வேலை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த ஆண்டில் அதை விட்டேன். வீட்டிலிருந்தே செய்வதற்கு என்ன தெரியும் என்று யோசித்தபோது, எந்த ரெஸ்யூம் ஏன் ஒதுக்கப்படுகிறது என்பது மட்டும்தான் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

போன மாதம் ஓர் இளைஞர் வந்தார். ஐடிஐ டர்னர் முடித்து, குறிச்சி சிட்கோவில் ஒரு பட்டறையில் நான்கு ஆண்டு வேலை. கையில் ஜெராக்ஸ் கடையில் அடித்த இரண்டு பக்கத் தாள். அப்பா பெயர், மதம், சாதி, திருமணமானவரா இல்லையா, பொழுதுபோக்கு எல்லாம் அதில் இருந்தன. வேலையைப் பற்றி ஒரே ஒரு வரி: சிஎன்சி ஆபரேட்டர், 4 ஆண்டு.

“அங்க என்ன வேலை பார்த்தீங்க தம்பி?”

“சும்மா மெஷின் ஓட்டிட்டு இருந்தேனுங்க மேடம்.”

“ஒரு மெஷினா?”

“மூணுங்க. ஒரே ஷிஃப்ட்ல மூணையும் நாந்தான் பார்த்துக்கோணும்.”

“டூல் தேஞ்சு போனா யாரு மாத்துவாங்க?”

“நாந்தானுங்க. ஆஃப்செட்டும் நானே குடுத்துக்குவேன். நைட் ஷிஃப்ட்ல செட்டர் இருக்கமாட்டாருங்க.”

“அளவு எப்படிப் பார்ப்பீங்க?”

“மைக்ரோமீட்டர் வெச்சுத்தானுங்க. பம்பு ஷாஃப்ட்டுங்க அது. இருபது மைக்ரானுக்குள்ள நிக்கோணும். இல்லீன்னா ரிஜெக்‌ஷன் ஆயிருமுங்க.”

மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய எழுபது மைக்ரான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில், இரவு முழுக்க, மேலே கேட்க ஆளில்லாமல், மூன்று மெஷின்களை ஓட்டிய மனிதர் தன் வேலையைச் ‘சும்மா’ என்கிறார். சிஎன்சி மெஷினின் ஃபானுக் கன்ட்ரோல் தெரியும் என்பதோ, முதல் பீஸைத் தானே சோதித்து ஓகே செய்தார் என்பதோ அவருடைய தாளில் எங்குமில்லை. பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது என்று மட்டும் இருந்தது.

இந்தச் ‘சும்மா’வை அவர் வாயிலிருந்து எடுப்பதுதான் என் தொழில். வீட்டிலிருந்தே ரெஸ்யூம் எழுதும் தொழில் தொடங்கலாமா என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார். பெரும்பாலும் பெண்கள். ‘எனக்கு இங்கிலீஷ் சுமார்தான், டிசைன் பண்ணத் தெரியாது, முடியுமா அக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. இங்கிலீஷ் பள்ளி அளவுக்குப் பிழையில்லாமல் இருந்தால் போதும். டிசைன் தேவையே இல்லை. எதிரில் இருப்பவரை ஒரு மணி நேரம் பேசவைத்துப் பொறுமையாகக் கேட்க வருமா என்பதைத்தான் நான் திருப்பிக் கேட்பேன்.

இந்தத் தொழிலுக்கு நம் ஊரில் முன்னோர் உண்டு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளன்று கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால், மரத்தடியில் மனு எழுதுபவர்களைப் பார்க்கலாம். நல்ல மனு எழுத்தர் உடனே பேனாவை எடுத்துவிடமாட்டார். ‘பட்டா யார் பேர்ல இருக்கு? சர்வே நம்பர் என்ன? இதுக்கு முன்னாடி எங்க மனு குடுத்தீங்க?’ என்று கேட்பார். அழுதுகொண்டே வரும் கிழவியின் கதையில் அதிகாரிக்கு வேண்டிய நான்கு வரிகளைக் கண்டெடுப்பார். அதேபோல ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் ‘ஜாப் டைப்பிங்’ பலகை தொங்கிய காலத்தில், பயோடேட்டா அடித்துக்கொடுத்தே குடும்பம் நடத்தியவர்கள் இருந்தார்கள். அந்த இடத்துக்கு இன்று ஜெராக்ஸ் கடை வந்திருக்கிறது. அங்கே ஐந்து நிமிடத்தில் பெயரை மட்டும் மாற்றி, முந்தைய ஆளின் ரெஸ்யூமையே அடித்துக்கொடுக்கிறார்கள். ‘சவாலான சூழலில் பணியாற்ற விரும்புகிறேன்’ என்று தொடங்கும் ஒரே குறிக்கோள் வாசகத்தை என் எச்.ஆர். நாட்களில் ஆயிரக்கணக்கான முறை படித்திருக்கிறேன். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கேட்க ஆள் வேண்டிய தேவை தமிழ்நாட்டில் அதிகம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் அது 28.4. பெருமைப்பட வேண்டிய எண்ணிக்கை. இப்படிப் படிக்க வந்த பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா தறி ஓட்டியிருப்பார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். ரெஸ்யூம் என்ற தாளை அந்த வீட்டில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். தன் வேலையைத் தானே எடுத்துச் சொன்னால் தற்பெருமை என்று வளர்த்த வீடும்கூட.

ஒரு கல்லூரி மாணவரிடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டேன். முகம் சுண்டிவிட்டது. காந்திபுரத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கியது. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டு, ‘சனி ஞாயிறு என்ன பண்ணுவ தம்பி?’ என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார். முதலில் பந்தி பரிமாறப் போனவர், இப்போது பன்னிரண்டு பையன்களைக் கூட்டிப்போகிறார். யாருக்கு எந்த வரிசை, யாருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை மணிக்கு வேன் என்று எல்லாக் கணக்கும் அவர் போனில் இருக்கிறது. இரண்டாவது பந்தியில் இலை போதாமல் போன நாளில் பக்கத்து மண்டபத்தில் கடன் வாங்கிவந்து சமாளித்திருக்கிறார். ‘இதையெல்லாம் போட்டா கேவலமா இருக்காதுங்களா?’ என்றார். ஆள்களைத் திரட்டி, வேலை பிரித்து, நெருக்கடியில் முடிவெடுத்த ஓர் இருபத்தொரு வயதுப் பையனைத் தேடித்தான் தொழிற்சாலைகள் அலைகின்றன. பதினொரு ஆண்டு அந்த மேசையில் இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எழுதினேன். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு மட்டும் போட்டு விட்டுவிட்டேன்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, ஏழெட்டு ஆண்டு கழித்துத் திரும்ப வரும் பெண்களிடம் இந்தக் கூச்சம் இன்னும் கூடுதல். ‘வீட்ல சும்மாதாங்க இருந்தேன்.’ கேட்டால், மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருந்திருப்பார். தீர்மான நோட்டு எழுதியிருப்பார், மாதச் சந்தாவையும் உள்கடனையும் கணக்கு வைத்திருப்பார், வங்கி மேலாளரிடம் பேசிக் குழுவுக்குக் கடன் வாங்கி, ஒரு தவணையும் தவறாமல் கட்டவைத்திருப்பார். கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான அனுபவம் ஏது? அந்த ஏழு ஆண்டுகளை ரெஸ்யூமில் வெற்றிடமாக விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கேட்கத் தெரிய வேண்டும் என்றேன். எதைக் கேட்பது என்று தெரிந்தால்தான் கேட்க முடியும். அதனால் எல்லோருக்கும் எல்லா ரெஸ்யூமும் எழுதுகிறேன் என்று பலகை மாட்டாதீர்கள். நான் மெஷின் ஷாப், ஃபவுண்டரி, தரக்கட்டுப்பாடு என்று எனக்குப் பழகிய துறைகளோடு நிற்கிறேன். ஐடி துறையில் இருந்து வருபவர்களை அதில் வேலை பார்த்த ஒரு தோழியிடம் அனுப்பிவிடுவேன். செவிலியராக இருந்து வீட்டில் இருப்பவர் செவிலியர்களுக்கு எழுதலாம். எத்தனை படுக்கை ஆஸ்பத்திரி, ஐசியூவில் எத்தனை மாதம், வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்த்ததுண்டா என்று அவருக்குக் கேட்கத் தெரியும். வளைகுடா நாடுகளுக்குப் போக ப்ரோமெட்ரிக் தேர்வும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் வேண்டும் என்பது தெரியும். சான்றிதழில் உள்ள தேதியும் ரெஸ்யூமில் உள்ள தேதியும் ஒரு நாள்கூட மாறக் கூடாது என்பதும் தெரியும். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஆசிரியர், கப்பலில் வேலை பார்த்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் இருக்கிறது. அதில் தொடங்குங்கள்.

எழுதும் முறையில் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களிலும் வேலைவாய்ப்புத் தளங்களிலும் ரெஸ்யூமை முதலில் வாசிப்பது மென்பொருள். தேடுபவர் ‘ஃபானுக்’, ‘மைக்ரோமீட்டர்’ என்று தட்டினால் அந்தச் சொல் இருக்கும் தாள்தான் மேலே வரும். இரண்டு பத்தியாகப் பிரித்து, கட்டம் போட்டு, கலர் பட்டை வைத்து, திறமைகளுக்கு நட்சத்திரக் குறி போட்டு அழகாகச் செய்த தாளைப் பல மென்பொருள்கள் இடமிருந்து வலமாக ஒரே வரியாக வாசித்துக் குழப்பிவிடுகின்றன. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, தெளிவான தலைப்பு, சமீபத்திய வேலை முதலில். அனுபவம் குறைந்தவருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இரண்டு பக்கம். அவ்வளவுதான்.

நம் பெயர் ஒரு தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். விண்ணப்பப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், கல்லூரியில் இரண்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பார். உள்ளூர் வேலைக்குச் சான்றிதழில் உள்ளபடி, வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி என்று முதல் நாளே முடிவுசெய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். இன்னொன்று போன் நம்பர். நேர்காணலுக்குக் கூப்பிட்டு, ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நல்ல ஆள்கள் அப்படிக் கைநழுவிப் போனார்கள். எதிரில் இருக்கும்போதே அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். புதிதாகப் படித்து வருபவருக்கு 500 ரூபாய், ஐந்து ஆண்டு வரை அனுபவமுள்ளவருக்கு 1,200, அதற்கு மேலும் வெளிநாட்டுக்கும் 2,500 என்று நான் வாங்குகிறேன். ஒரு ரெஸ்யூமுக்கு ஒரு மணி நேரம் கேட்பது, இரண்டு மூன்று மணி நேரம் எழுதுவது, அரை மணி நேரம் திரும்ப வாசித்துத் திருத்துவது. சமையல், அம்மாவுக்கு மருந்து, பிசியோதெரபி எல்லாம் போக வாரத்துக்கு ஆறுக்கு மேல் முடியாது. நல்ல மாதத்தில் 25,000 ரூபாய் வரும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு வேலை மாறுகிறவர்களால் நவம்பரில் கூட்டம் இருக்கும், கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் தொடங்கும் மாதங்களிலும் இருக்கும். நடுவில் ஐயாயிரத்தைத் தாண்டாத மாதங்களும் உண்டு. முதல் ஆண்டு முழுக்கவே அப்படித்தான் போனது. வீட்டு வாடகையே இதை நம்பி இருக்குமென்றால், இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள்.

தொடங்க லைசென்ஸ் எதுவும் வேண்டாம். சிறுதொழிலாகப் பதிவுசெய்துகொள்ள விரும்பினால் ‘உத்யம்’ அரசுத் தளத்தில் ஆதார், பான் கொடுத்து நீங்களே பதியலாம். கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளமே இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை. பழைய லேப்டாப் போதும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் போதும். ரெஸ்யூம் எழுதச் சான்றிதழ் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் ஆன்லைன் வகுப்புகளில் பணத்தைப் போட வேண்டாம். முதல் ஐந்து பேருக்கு இலவசமாக எழுதுங்கள். அவர்கள் ஐம்பது பேரிடம் சொல்வார்கள். எனக்கு இன்றுவரை வாடிக்கையாளரை அனுப்புவது ஒரு ஜெராக்ஸ் கடைக்கார அண்ணன்தான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. சில மாதம் கழித்து என் வீட்டுக்காரர், ‘இனிமே உன் வேலைய அது செஞ்சுரும் போல’ என்று கவலையோடு சொன்னார். நானும் பயந்தேன். இன்று நானே அதைப் பயன்படுத்துகிறேன், இங்கிலீஷ் வாக்கியத்தைச் சரிபார்க்க. ஆனால், அதைக் கொண்டு மட்டும் எழுதிய ரெஸ்யூம்கள் இப்போது நிறைய என்னிடம் திருத்த வருகின்றன. ‘சிஎன்சி ஆபரேட்டர், 4 ஆண்டு’ என்று அதற்குச் சொன்னால், உற்பத்தித் திறனை முப்பது சதவீதம் உயர்த்தியவர் என்று கூசாமல் எழுதிவிடுகிறது. நேர்காணலில் ‘எப்படி உயர்த்தினீங்க?’ என்று கேட்டால் பையன் வாய்மூடி நிற்கிறான். அவன் செய்யாத வேலை தாளில் இருக்கிறது, செய்த வேலை இல்லை. நைட் ஷிஃப்டில் செட்டர் இருக்கமாட்டார் என்று அவன் சொல்லாத வரை அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்?

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாக வாசித்து, ‘இதைத் தமிழில் எனக்கு விளக்குங்க’ என்பேன். விளக்க முடியாத வரியை அங்கேயே அழித்துவிடுவேன். அந்த டர்னர் தம்பி பதினொரு வரிகளையும் விளக்கினார். எட்டாவது வரி வந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘இவ்வளவும் நான் பண்ணுனதுதானுங்களா?’ என்று கேட்டார்.

பொய் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். ‘ரெண்டு வருஷத்த நாலாக்கிடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.’ முடியாது என்று சொல்லிவிடுங்கள். 2014 முதல் வருங்கால வைப்பு நிதிக்கு யுஏஎன் என்ற ஒற்றை எண் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்பது அதில் பதிவாகியிருக்கும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துச் சரிபார்ப்பில் மாட்டி, வேலை போய்க் கண்ணீரோடு வந்தவர்களை எச்.ஆர். மேசையில் பார்த்திருக்கிறேன். எழுதிக்கொடுத்தவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

இன்னோர் எல்லைக்கோடு இதைவிட முக்கியம். நாளடைவில் நிறுவனங்களின் எச்.ஆர். ஆள்கள் பழக்கமாவார்கள். ‘வேலையும் வாங்கிக்கொடுங்க, தனியாப் பணம் தர்றேன்’ என்று கேட்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டப்படி பதிவுபெற்ற முகவராக இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் ஒருவரிடம் பணம் வாங்கி இன்னொரு ஏஜென்டிடம் சேர்த்துவிட்டாலும் குற்றம்தான். கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் போய், இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்டு, அரசு மீட்டுக் கொண்டுவந்த தமிழ் இளைஞர்களின் செய்தியை நாம் படித்திருக்கிறோம். வெளிநாடு போகிறேன் என்று வருபவரிடம் ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்தீர்களா என்று கேளுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குவதைச் சொல்லுங்கள். உங்கள் கட்டணம் எழுத்துக்கு மட்டும். வேலை கிடைத்தால் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

வந்தவரின் வாழ்க்கையே உங்கள் லேப்டாப்பில் இருக்கும். ஆதார் எண், சாதி, மதம் எதுவும் ரெஸ்யூமுக்குத் தேவையில்லை. அனுப்பினாலும் வாங்கி வைக்காதீர்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், ஓர் இளம்பெண்ணின் முகவரியும் போன் நம்பரும் நம்மிடம் பத்திரமாக இருக்க வேண்டும். அவருடைய ரெஸ்யூமை மாதிரி என்று சொல்லி இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. மூன்று மாதம் கழித்து, சொல்லிவிட்டு அழித்துவிடுகிறேன்.

வேலையை விட்டு வீட்டில் இருக்கும் தோழிகளிடமும் ஓய்வுபெற்ற பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தொழிலாகச் செய்வதைப் பிறகு முடிவுசெய்துகொள்ளலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தெருவில் வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். காபி கொடுங்கள். லேப்டாப்பைத் திறக்காமல், ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு, காலையில் வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வாய் என்று கேளுங்கள். ‘சும்மாதான்’ என்று சொன்னால் விட்டுவிடாமல், அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.